கட்டத்துக்குள் ஒரு பெயர்

அந்தச் சின்ன ஜன்னல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டு ஜன்னல் அல்ல, கணினித் திரையில் திறக்கும் ஜன்னல். சாம்பல் நிறம். இடது பக்கம் எழுத்துருக்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அடியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. மேலே ஏதாவது ஓர் எழுத்துருவைத் தொட்டால், அதில் தமிழ் எப்படித் தெரியும் என்று அந்தப் பட்டை மாதிரி காட்டும். சரியான எழுத்துரு என்றால் ஒரு பெண் குழந்தையின் பெயர் தெரியும். தமிழே இல்லாத எழுத்துரு என்றால் அந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் □□□□ என்று வெற்றுக் கட்டங்கள் நிற்கும், ஆள் உள்ளே இருந்தும் கதவு சாத்தியிருக்கிற வீடுகளைப் போல. அந்த ஜன்னலுக்கான நிரலை எழுதியவள் நான். அதில் அந்தப் பெயரை வைத்தவர் பாய்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய கதை இது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாய் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. அதில் பாதியைத் தடுத்து அவர் கணினிக் கடை ஆக்கியிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் லுங்கி கிழிக்கிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நான் நிரல் எழுதிக்கொண்டிருப்பேன். கணினிப் படிப்பு முடித்துவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகு பகலில் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவளுக்கு அவர் ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார். உரக்கடை, லாட்ஜ், மருத்துவமனை என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன மென்பொருள் வேண்டுமென்றாலும் நான் எழுதுவேன், அவர் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுப்பார். எங்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம் அவர் வாயால் சொன்னதுதான். "ப்ரோக்ராம் நீ எழுதும்மா. திட்டு நான் வாங்கிக்கிறேன்."

திட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காரணம் தமிழ். எல்லோரும் பெயர்கள் தமிழில் வரவேண்டும் என்றார்கள். என் மேசையில் இருக்கும் கணினியில் அழகாக வரும். அதே நிரலை உளுந்தூர்பேட்டையிலோ சின்னசேலத்திலோ ஒரு கடையில் கொண்டுபோய்த் திறந்தால், அந்த இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இருக்காது. இருந்தாலும் கூட்டெழுத்துகளை ஒட்டவைக்கும் வசதியை யாரும் போட்டிருக்கமாட்டார்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி நடுத்தெருவில் என்று கிடக்கும். என் மேசையில் சரியாக இருக்கிறதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். "அப்ப உன் மேசையத் தூக்கியாந்து அவங்க கடையில போட்டுடலாமா?" என்பார் பாய்.

எல்லாவற்றிலும் மோசமான நாள் மூங்கில்துறைப்பட்டில் நடந்தது. கரும்புக்காரர்கள் வந்துபோகும் ஓர் உரக்கடை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விவசாயிகள் பெயர்களை எல்லாம் தமிழில் ஏற்றியிருந்தார்கள். மறுநாள் திறந்தால் ஒவ்வொரு பெயரும் ?????? என்று நிற்கிறது. கடைக்காரர் கோபப்படவில்லை, சிரித்தார். "இன்னா பாய், ஒரே ராத்திரியில எல்லா விவசாயியையும் கேள்விக்குறி ஆக்கிட்டீங்களே. கவர்மெண்டே இத்தினி வருஷமா செய்ய முடியாதத நீங்க செஞ்சிட்டீங்க." டீ வாங்கிக் கொடுத்தார். நான் பார்த்துவிட்டுச் சொன்னேன், இவை திரும்பி வராது, மறுபடி அடிக்கவேண்டியதுதான் என்று. நிரலை எழுதப் பயன்படுத்திய பழைய கருவிக்கு ஆங்கிலம்தான் தெரியும். தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். அப்படியே சேமித்தும்விடும்.

பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "திருப்பிக் கொண்டாரவே முடியாதா?"

"முடியாது பாய். அங்க என்ன எழுத்து இருந்துச்சுனு மெஷினுக்கே தெரியாது."

"அப்ப அந்த லாட்ஜ்ல பேருங்க கட்டம் கட்டமா வந்துச்சே, அது?"

"அது வேற. அங்க எழுத்து உள்ள பத்திரமா இருக்கு. காட்டத்தான் ஃபாண்ட் இல்ல. ஃபாண்ட் போட்டா வந்துடும்."

ஒரு வேலை விளக்கமாகத்தான் நான் அதைச் சொன்னேன். அவர் அதை வேறு எங்கோ கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு போகிற கடைகளில் எல்லாம், திரையைப் பார்த்து யாராவது பதறினால், அவர் அவர்களுடைய தோளைத் தட்டிச் சொல்வார்: "கேள்விக்குறி வந்தாத்தான்யா போச்சு. கட்டம் வந்தா ஆள் உள்ள இருக்காருன்னு அர்த்தம்." வங்கி மேலாளர் ஆனாலும் சரி, சைக்கிள் கடைக்காரர் ஆனாலும் சரி, இதே வாக்கியம்தான்.

நிரலை முழுக்க, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடுக்கு மாற்றி எழுதிய பிறகு கேள்விக்குறிகள் ஒழிந்தன. கட்டங்கள் மட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தாலே அவமானமாக இருக்கும். எழுத்துரு கிடைக்காவிட்டால் பெயரையே காட்டாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்றேன். இரண்டு வரி வேலை. பாய் ஒப்புக்கொள்ளவே இல்லை. எதற்கும் குரலை உயர்த்தாதவர், அன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் லுங்கி கிழிக்கிற சத்தம் நிற்கும் அளவுக்குப் பேசினார். "அசிங்கமா இருந்தா இருக்கட்டும்மா. வெறுமையா வுட்டா அங்க ஒருத்தர் இருக்காருன்னு எவனுக்குத் தெரியும்? கட்டமாவது நிக்கட்டும்." கடைசியில் அவர் சொன்னபடியே செய்தேன். கூடவே அவர் இன்னொன்றும் கேட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு விசையை அழுத்தினால் எழுத்துருவை மாற்றும் ஜன்னல் திறக்கவேண்டும். அப்படித்தான் அந்தச் சாம்பல் ஜன்னல் வந்தது.

வெள்ளைப் பட்டையில் மாதிரிக்கு என்ன வைப்பது என்றபோது அவர் ஒரு பெயரைத் தட்டினார். எந்தப் புதுக் கணினியிலும் முதல் வேலையாக அவர் தட்டிப்பார்க்கும் அதே பெயர்தான். "இது சரியா வந்தா எல்லாப் பேரும் சரியா வரும்" என்பார். அது உண்மையும்கூட. அந்தப் பெயரில் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து ஒன்று உண்டு, ஒரு ஹ உண்டு, ஒரு புள்ளி உண்டு. எழுத்துருவில் என்ன கோளாறு இருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் விற்கும் ஒவ்வொரு கணினியிலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், எங்கள் தமிழ் எழுத்துருவைப் போட்டு, அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவார்.

ஒருநாள் பள்ளிவிட்டு என் மகள் கடைக்கு வந்திருந்தாள். பாய் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், ஒருநாளும் பெயர் கேட்டதில்லை. அவளைச் சிரிக்கவைப்பதற்காக நான் அந்த வெள்ளைப் பட்டையில் அவளுடைய பெயரைத் தட்டி, எழுத்துருக்களை மாற்றி மாற்றிக் காட்டினேன். பெயர் கட்டமாகும், மறுபடி பெயராகும். அவள் கைதட்டினாள். பாய் வந்து பார்த்தவர் குனிந்து அதை அழித்துவிட்டார்.

"உம்பொண்ணு பேர இதுல போடாதம்மா. இருக்கற புள்ளைங்க பேரக் கட்டமா பாக்கக்கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப நீங்க போட்டிருக்கிற பேரு?"

அவர் என் மகளிடம் காசு கொடுத்து எதிர்க்கடையில் மிட்டாய் வாங்கிவர அனுப்பினார். அவள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சொன்னார். மூத்த பெண். காய்ச்சலில் போய்விட்டாள், பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே. "வூட்ல அந்தப் பேர எடுத்தா அவங்க அம்மா அன்னிக்கு சோறு துன்னாது. அதனால யாருமே எடுக்கறதில்ல. நான் எங்க போய் கூப்புடறது? அதான் இங்க அடிச்சிப் பாத்துக்கினு இருக்கேன்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு, பெயர் தெரிந்ததும் ஜன்னலை மூடினார்.

அதன்பிறகு அவருடன் வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் எனக்குள் ஒரு பயம் இருந்தது. எந்தக் கடை, எந்த லாட்ஜ், எந்த மருத்துவமனைக் கணினியாக இருந்தாலும், அதற்குள் ஒரு விசைக்குப் பின்னால் அந்தக் குழந்தை இருந்தது. யாரும் அழைக்காத ஒரு பெயர் ஊர் ஊராகக் குடியேறிக்கொண்டிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் எனக்கு அந்த வெள்ளைப் பட்டைதான் ஞாபகம் வரும்.

பாய் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நெஞ்சுவலி, கடையிலேயே. இப்போது அந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். நான் வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். இப்போதைய கணினிகள் தமிழைத் தாமாகவே காட்டிவிடுகின்றன. பாயின் பெண்ணையும் கட்டங்களையும் நான் ஏறத்தாழ மறந்துவிட்டிருந்தேன், போன மழைக்காலம் வரை.

என் மகள் கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை வேனில் இறங்கி வருவாள். அன்று மதியம் அவள் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது, கைபேசி அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார், வெள்ளிமலையிலிருந்து இறங்கிய வேன் ஒன்று வளைவில் கவிழ்ந்துவிட்டதாம், அடிபட்டவர்களை நம் ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்களாம் என்று. ஷேர் ஆட்டோவில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பது எனக்கு நினைவில் இல்லை. என் கணவர் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

மருத்துவமனைக் கூடத்தில் கூட்டம். எல்லோரும் சுவரில் மாட்டியிருந்த ஒரு திரையைப் பார்த்தபடி நின்றார்கள். நானும் பார்த்தேன். வரிக்கு வரி கட்டங்கள்.

அந்தத் திரையின் நீல ஓரத்தை எனக்குத் தெரியும். அது எங்கள் நிரல். பாயும் நானும் எப்போதோ போட்டுக் கொடுத்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எந்தப் பெயர் ஏறும், எது ஏறாது என்பதும் எனக்குத் தெரியும், அந்த விதியை எழுதியவள் நான்தான். உள்ளே சேர்த்துச் சிகிச்சை தொடங்கியவர்களின் பெயர் மட்டுமே ஏறும். உயிரில்லாமல் வந்தவர்களின் பெயர் ஏறாது.

வரவேற்பு மேசையில் ஒரு சின்னப் பெண், அழுதுவிடும் நிலையில் இருந்தாள். "காலையில மெஷின் பூடுச்சுக்கா. மாடியில கெடந்த பழசத் தூக்கியாந்து மாட்டினாங்க. அப்பலருந்து இப்படித்தான் வருது. உள்ள எமர்ஜென்சில பேரு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்க, இங்க கட்டமா வருது. ஜனங்க பயப்படறாங்க, ஆஃப் பண்ணிடச் சொல்லிருக்கேன்."

"ஆஃப் பண்ணாதம்மா" என்றேன். "நான் உள்ள வரேன்."

"அக்கா, இங்க வரக்கூடாதுக்கா!"

"இத எழுதினதே நான்தாம்மா. தள்ளு."

அவள் தள்ளிக்கொண்டாள். நம்பினாளா, என் முகத்தைப் பார்த்து பயந்தாளா, தெரியாது. மேல் வரிசை விசையை என் விரல் தானாகவே கண்டுபிடித்தது. சாம்பல் ஜன்னல் திறந்தது. பட்டையில் கட்டங்கள். அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்கினேன். அடுத்த எழுத்துரு, கட்டங்கள். அதற்கடுத்தது, கட்டங்கள். மாடியில் கிடந்த அந்த இயந்திரம் பாய் விற்றதுதானா, வேறு யாரிடமாவது வாங்கியதா என்று எனக்குத் தெரியாது. அவர் விற்றதாக இருந்தால் எழுத்துரு உள்ளே இருக்கும். இல்லையென்றால் இல்லை. "இருக்கற புள்ளைங்க பேரக் கட்டமா பாக்கக்கூடாது" என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் சுவரில் என் மகள் கட்டமாக நின்றுகொண்டிருந்தாள், அல்லது அங்கேகூட இல்லாமல் இருந்தாள். கட்டமாகவாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வரிசையின் கடைசிக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் வந்தது. கொம்பு, கால், ஹ, புள்ளி, எல்லாம் அதனதன் இடத்தில். பள்ளிக்கூடம் போகாத அந்தக் குழந்தை, மாடியில் தூசிக்குள் இத்தனை வருடம் இருந்துவிட்டு, யாரோ கூப்பிட்டவுடன் வந்து நின்றது. எனக்குள் எழுந்தது நன்றியா, அச்சமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சரி என்ற பொத்தானை அழுத்தினேன்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. திரும்பினேன். கட்டங்கள் மேலிருந்து கீழாக எழுத்துகளாகிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு பெயரைச் சத்தமாகப் படித்தார்கள், யாரோ அழுதார்கள். என் மகளின் பெயர் நடுவில் இருந்தது. அதற்கு எதிரே, அவள் இருக்கும் இடம்: எக்ஸ்ரே அறை. நான் அந்தச் சின்னப் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மேசைக்கு எதிரே என் வயதுள்ள ஒருவர் வந்து நின்றார். மரவள்ளி லோடுடன் காலையிலேயே மலையிலிருந்து இறங்கியவர். துணி எடுக்க வருவதாகச் சொன்ன மகள் அந்த வேனில் வந்திருக்கிறாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதுவரை எல்லோரோடும் நின்று அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகளின் பெயரைச் சொல்லி, "இருக்குதா பாருங்கம்மா" என்றார்.

மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. இன்னும் அடித்துக்கொண்டிருப்பார்கள், வரும் என்றேன். சற்று நேரம் நின்றோம். புதிதாக எதுவும் ஏறவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"கட்டமா இருந்தப்ப இருந்துச்சாம்மா?"

எனக்குப் பதில் தெரியும். கட்டத்தில் இருந்தவர்கள்தான் எழுத்தில் வருவார்கள், ஒருவர்கூடக் குறையமாட்டார்கள். எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேருக்குச் சொன்ன விளக்கம். ஆனால் வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் கண்ணுக்கு அந்தப் பெயர் அங்கே இருந்தது. கட்டங்கள் நின்ற நேரம் முழுக்க அவற்றில் ஏதோ ஒன்று அவருடைய மகள்தான். நான் வந்து ஒரு விசையை அழுத்தினேன், என் மகள் எனக்குக் கிடைத்தாள், அவருடைய மகள் அந்தச் சுவரிலிருந்து போய்விட்டாள். அடிபட்ட சிலரை நேராகச் சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மலைக்காரர் உடனே வாசலை நோக்கி ஓடினார். அதே நேரம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

என் மகளுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. கூடிவிட்டது. கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் அவளிடம் பாயைப் பற்றி எல்லாம் சொன்னேன். மிட்டாய் மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது. மறுபடி மலைக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். "இன்னாமா நீ, அங்க இருக்கறவங்கல்லாம் தெனமும் அதே ரோட்லதானே ஏறி எறங்கறாங்க" என்றாள். போய்விட்டாள். அங்கே சிக்னல் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. நான் ஓயாமல் அழைத்துத் தொல்லை செய்ததில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் சாயங்காலம் என் கைபேசிக்கு ஒரேயொரு கட்டம் அனுப்புவாள். □. ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு அது விளையாட்டு.

அந்த மலைக்காரரின் மகள் என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. "பேரு தெரியும்ல, இங்க யாரக் கேட்டாலும் சொல்வாங்க, கேக்கட்டாமா?" என்று மகள் பலமுறை கேட்டுவிட்டாள். வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாதவரை அந்தப் பெண் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கிறாள் அல்லவா? புதிதாக எந்த நிரலை எழுதினாலும் தமிழ் தெரிகிறதா என்று பார்க்க இப்போது நான் இரண்டு பெயர்களைத் தட்டுகிறேன். ஒன்று பாயின் பெண். இன்னொன்று அந்த மலைக்காரரின் பெண். என் மகளின் பெயரை ஒருபோதும் தட்டுவதில்லை. இரண்டாவது பெயரைத் தட்டும்போதெல்லாம் விரல் தயங்கும். இருக்கிற பிள்ளையின் பெயரா, இல்லாத பிள்ளையின் பெயரா என்று தெரியாமல் தட்டுகிறேன்.

பாய் அப்படி இருக்கவில்லை. தெரிந்துதான் தட்டினார். சரியான எழுத்துரு வந்து பெயர் முழுசாகத் தெரிகிறவரை அவர் ஜன்னலை மூடியதே இல்லை. அத்தனை வருடம் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்று சாயங்காலமும் கட்டம் வந்தது. பார்த்துவிட்டு மூச்சு விட்டேன். வழக்கமாக அதோடு வைத்துவிடுவேன். இன்று அதற்குக் கீழே, அந்த மலைக்காரர் என்னிடம் சொன்ன பெயரைத் தட்டி, "விசாரி" என்று அனுப்பினேன். இதை எழுதும்போது வெளியே மழை. மேலே சிக்னல் இல்லைபோல. கைபேசியில் பதில் வரவேண்டிய இடம் ஒரு வெள்ளைப் பட்டையாக இருக்கிறது.